தம்பியின் திணிவு

ஊசல் ஆடுகிற நேரத்துக்கும் அதில் தொங்குகிற பொருளின் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை என் சொந்தத் தம்பியைத் தொங்கவிட்டுக் கண்டுபிடித்தவள் நான். அப்போது ஏழாம் வகுப்பு. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன்.

விஞ்ஞானம் படிப்பித்த சார் யாழ்ப்பாணத்துக்காரர். நூலில் ஏதாவது ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று அளந்து வரச் சொன்னார். நூலின் நீளம் மாறக்கூடாது, கட்டுகிற பொருளின் திணிவு மட்டும் மாறவேண்டும். "ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்" என்று மூன்று தரம் சொன்னார். நன்றாகச் செய்த ஒருவருடையது கேகாலைக் கண்காட்சிக்குப் போகும் என்றார். அது என்னுடையதுதான் என்று அந்த நிமிஷமே நான் தீர்மானித்துவிட்டேன். அடக்கம் என்பது அன்றும் என்னிடம் இல்லை.

மற்றப் பிள்ளைகள் கல் பொறுக்கப் போனார்கள். எனக்கு அதற்கு ஏது நேரம்? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எட்டு மாதத் தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது என் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுடையது ஒற்றைக் காம்பரா, அதன் உத்தரத்தில் அம்மாவின் பழைய சேலை தொட்டிலாகத் தொங்கியது. எப்படியும் ஆட்டத்தான் போகிறோம், அந்த ஆட்டத்தையே எண்ணினால் என்ன என்று தோன்றியது.

விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் மாமாவிடம் இருந்தது. அம்மாவின் தம்பி அவர், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நிறுக்கிற கொக்கித் தராசும் அவர் பொறுப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வாக இருப்பார். ஆகவே ஐந்து ஞாயிறு, ஐந்து அளவு. பிள்ளை என்றால் வாரத்துக்கு வாரம் வளரும், கல்லை மாற்றுகிற வேலைகூட இல்லாமல் தம்பியே கனத்துக்கொண்டு போவான் என்பது என் திட்டம். கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, திகதி, திணிவு, நேரம் என்று தலைப்பு எழுதினேன்.

அது மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான காலம். அப்பா கலவானப் பக்கம் வேலை தேடிப் போயிருந்தார். ஞாயிறு விடிந்ததும் அம்மா பையை எடுத்துக்கொண்டு கடை வரிசைக்குப் போவாள், மத்தியானம் தாண்டித்தான் திரும்புவாள். சில வாரம் பை வெறுமையாகவே வரும். மரவள்ளிக் கிழங்கை அவித்து எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்பாள். தம்பிக்குத் தாய்ப்பால்தான். பால் ஊறியதா இல்லையா என்று என்னிடம் யார் சொல்வார்கள்?

முதல் ஞாயிறு ஸ்டோரில் வைத்து மாமா அவனைச் சேலையில் கட்டிக் கொக்கியில் மாட்டி, ஒட்டுப்பால் நிறுக்கிற குரலிலேயே "பதினாலு ராத்தல்" என்று கூவினார். சேலையின் எடையைக் கழித்துத்தான். தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். காம்பராவுக்குத் தூக்கி வந்து தொட்டிலில் போட்டு ஆட்டினேன். பத்து ஆட்டத்துக்கு இருபத்து நாலு விநாடி. காலை உதைத்து உதைத்து இரண்டு தடவை கணக்கைக் குழப்பினான்.

இரண்டாம் ஞாயிறு பதின்மூன்றரை. எனக்கு வந்ததே கோபம்.

"ஒழுங்கா நிறுங்க மாமா. கூடத்தானே வேணும்?"

"தராசுல பிசின் புடிச்சிருக்கும்" என்று அவர் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். அதே பதின்மூன்றரை.

மூன்றாம் ஞாயிறு பதின்மூன்று. விடுவேனா? ஸ்டோரில் இருந்த ஐந்து ராத்தல் படிக்கல்லை மாட்டச் சொன்னேன். முள் ஐந்தில் சரியாக நின்றது. தராசில் பிழையில்லை, தம்பியில்தான் பிழை என்று தெரிந்துகொண்டேன். கனம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, மாறினால் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நாலாம் ஞாயிறு பன்னிரண்டேகால். மாமா அன்றைக்குக் கூவவில்லை, முள்ளை மட்டும் விரலால் காட்டினார். "ஒங்கம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாத பாப்பா. அவ என்னா செய்வா?" என்றார். தோட்டத்துத் தராசில் பிள்ளையை நிறுத்தது வெளியே தெரிந்தால் வம்பு வரும் என்று பயப்படுகிறார் போலும் என நினைத்தேன். நல்லவேளையாகத் தம்பி இப்போது அழுவதில்லை, உதைப்பதும் இல்லை. வைத்த இடத்தில் கிடந்தான். அளவுகள் அருமையாக வந்தன.

ஐந்தாம் ஞாயிறு பதினொன்றரை. நேரம் அதே இருபத்து நாலு.

அன்று பொழுதுபடுகிற நேரம், மறுநாள் வகுப்பில் வாசிப்பதற்காக உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "முடிவு: திணிவு குறைந்தபோதும் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை."

"திணிவுன்னா என்னாடி?"

"எடைதாம்மா. ராத்தல்."

"எதோட ராத்தல்?"

"தம்பியோடது."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வாசி" என்றாள். பதினாலு, இருபத்து நாலு. பதின்மூன்றரை, இருபத்து நாலு என்று வாசித்தேன்.

"மத்தது வேணாம். ராத்தல மட்டும் வாசி."

நான் கஷ்டப்பட்டு அளந்தது மற்றதைத்தான். அதை வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ராத்தலை மட்டும் வாசித்தேன். பதினொன்றரை என்றதும் எழுந்துபோய்த் தம்பியைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பு அணைந்துபோயிற்று.

மறுநாள் காலையில் அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என் கொப்பியை எடுத்து அந்தத் தாளைக் கிழித்தாள். நான் பாய்ந்து பிடித்தேன். "என் மார்க்கு அதுலதான் இருக்கு" என்று கத்தினேன். என்னை ஒரு நாளும் அடிக்காதவள் அன்று ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு தம்பியைத் தூக்கிக்கொண்டு கேகாலை பஸ்ஸுக்கு நடந்தாள்.

தாளை அம்மா கிழித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சாரிடம் சொன்னபோது வகுப்பே சிரித்தது. யாரோ ஒருவனுடைய கல் கண்காட்சிக்குப் போயிற்று. மாமா வீட்டில் பன்னிரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில் தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் அம்மா வந்தாள். தம்பி தோளில் கிடந்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் முதலில் கேட்டது தாளைத்தான்.

"டாக்டர் மாத்தயா வச்சிக்கிட்டாரு" என்றாள் அம்மா. "சிங்களவரு, நம்ம எழுத்து தெரியாது. நம்பர மட்டும் வெரல வச்சுப் பாத்தாரு. 'மே பரத'ன்னு கேட்டாரு. ஆமா, புள்ளயோட எடைதான்னேன். அப்புடியே கைய நீட்டிப் புள்ளய வாங்கிக்கிட்டாரு."

அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப பன்னெண்டே முக்கா" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், கேகாலையிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்த எண்ணை மறந்துவிடாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

கண்காட்சிதான் முடிந்துபோயிற்றே, இனி இதை நான் எதில் எழுதுவது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.