கொழுந்துக் கம்பியில் போன காலை

நமுனுகுலப் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையை இப்போது நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரர் காலத்து உருளை, மணி, தராசு எல்லாவற்றுக்கும் பளபளவென்று வார்னிஷ். ஒரு மூலையில் மட்டும் பழைய கிறீஸ் வாசம். திரும்பினால், மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கிய கம்பியின் கப்பி, கொக்கியோடு. "தொட்டுப் பாக்கலாம்ங்க" என்றாள் வழிகாட்டிப் பெண். என் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இந்த வயதிலுமா என்று சிரிக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்து மருத்துவிச்சியாக வந்த புதிது. எல்லோருக்கும் நான் "மிஸி". பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறுகிறவள். என் வீடு மலைமேல். பள்ளத்தின் மறுபுறம் தொழிற்சாலையும், தொழிலாளர் வரிசையாய்க் குடியிருந்த லயங்களும். ஒரு பெருமழையில் நடுவிலிருந்த பாலம் போய்விட்டது. மறுநாள் காலை, கம்பி வேலை பார்க்கும் பெருமாள் நனைந்தபடி வாசலில் நின்றார். அக்கரை லயத்தில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவ வலி என்று அங்கிருந்து கத்திச் சொன்னார்களாம்.

"சுத்திப் போனா பொழுது சாஞ்சிரும் மிஸி. கம்பியில அனுப்புறேன்."

"ஐயோ, நான் மாட்டன்! எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தாங்க."

சோதனைக்கு என் எடையில் ஒரு மூட்டையை அனுப்பினார். அது அக்கரைத் தூணில் மோதிக் கிழிந்ததை இருவரும் பார்த்தோம். அங்கிருந்தவர்கள் ஓடிவந்து தூணைச் சுற்றிச் சாக்குகளைக் குவித்தார்கள். பெருமாள் என்னைச் சாக்குக்குள் இருத்திக் கட்டி, பிரசவப் பையை மடியில் வைத்தார். நான் துணிந்து சம்மதித்தேன் என்று நினைக்காதீர்கள். மறுபடி "மாட்டன்" என்று சொல்லக் குரல் எழவில்லை, அவ்வளவுதான்.

கால் தரையை விட்டதும் கப்பி அலறியது. கீழே செம்மண் வெள்ளம். தேவாரம் சொல்லப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாடுதான் வந்தது, அதுவும் பிழையாக. கொக்கி ஒருமுறை குதித்தது. அறுந்தே விட்டது என்று நினைத்தேன். பிறகு சாக்குக் குவியல், தோளில் இடி, யார் யாருடையவோ கைகள்.

லயத்து அறைக்குள் நுழைந்தபோதும் பற்கள் கிட்டின. பாயில் கிடந்த பெருமாளின் மகள் செல்லம்மா, வலிக்கு நடுவே என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயப்படாதீங்க மிஸி. அதான் வந்துட்டீங்கல்ல."

குழந்தையின் கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது. கழற்றினேன். நீலம் பாரித்த பெண்குழந்தை. முதுகைத் தேய்க்கத் தேய்க்கச் சத்தமே இல்லை. பிறகு திடீரென்று அது வீறிட்டது. வெளியே யாரோ மலையைப் பார்த்துக் கத்தினார்: "பெருமாளண்ணே, பொட்டப்புள்ள! நல்லாருக்கு!"

நூதனசாலையிலிருந்து அந்த லயங்களைத் தேடி நடந்தேன். பெருமாள் இறந்து வெகு காலமாம். செல்லம்மா குடும்பம் மொனராகலைப் பக்கம் போய்விட்டதாம், வழியில் ஒரு கடைக்காரர் சொன்னார். லயங்களின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முழங்கால் உயரச் சுவர்கள், உள்ளே மானாப்புல். அந்தப் பிள்ளை முதலில் அழுத அறை எது என்று வரிசை நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.