பதினோரு வருடப் பழைய உலகம்

சென்ற புதன்கிழமை மாலை 4.40-க்கு ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காக நான் எழுதி அனுப்பிய ‘உலகச் சூழல்’ அத்தியாயம் இந்த வருடத்து உலகத்தைப் பற்றியது அல்ல. பதினோரு வருடம் பழைய உலகம்!

கொஞ்சம் விளக்குகிறேன். நான் வேலை பார்ப்பது டில்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில். பம்பும் வால்வும் தயாரிக்கிறோம். ஆண்டறிக்கையில் முதல் இரண்டு பக்கம் உலகப் பொருளாதாரம், சர்வதேச அரசியல். வால்வுக்கும் உலக அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை.

எங்கள் ஆபீஸில் எதையும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன வருடத்து ஃபைலைத் திறப்பது, வருடத்தை மாற்றுவது, ‘முந்தைய ஆண்டைப் பின்பற்றி’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது — அவ்வளவுதான். புள்ளிவிவர அட்டவணையை வேறொரு செக்‌ஷன் தனியாகக் கொடுத்துவிடும்.

இந்த முறை, ஓர் அட்டைப்படத்தைத் தேடி மிகப் பழைய ஃபைல் ஒன்றையும் திறந்திருந்தேன். மூட மறந்துவிட்டேன். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில்... பழையதில் வருடத்தை மாற்றி அனுப்பிவிட்டேன். எந்த ஃபைலிலிருந்து எதை எடுத்தேன் என்று தினமும் கிளம்பும் முன் டைரியில் குறிப்பது என் வழக்கம். குறிக்கும்போதுதான் கை நின்றது.

அத்தியாயம் அதற்குள் ஜெனரல் மேனேஜர் கோகிலா மேடத்தின் மேஜைக்குப் போயிருந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அது அச்சுக்குப் போக வேண்டும். என் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டை எழுதப் போகிறவரும் அதே மேடம்தான். ‘கவனக்குறைவு’ — இந்த ஒரு வார்த்தை போதும். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் நான் ரிடையர் ஆகிவிடுவேன்.

பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். கூட வந்தவர் செல்வின். பக்கத்து செக்‌ஷன், நெல்லைக்காரர், என்னைப் போலவே ஜனக்புரிவாசி.

“என்னவே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“வாசியும் வே. எதெல்லாம் பழசோ அதை அடிப்போம்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். (அசல் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில்.)

‘உலகப் பொருளாதாரம் நிச்சயமற்ற ஒரு காலகட்டத்தைக் கடந்துகொண்டிருக்கிறது.’

“சரிதானே. அடுத்தது?”

‘மேற்காசியாவில் நிலவும் பதற்றம் கவலையளிக்கிறது.’

“இன்னைக்குக் காலைல பேப்பர் பாத்தீராவே? விடும்.”

கரோல்பாக் வருவதற்குள் மேற்காசியாவை முடித்துவிட்டோம். ஐரோப்பாவின் கிழக்கு எல்லையில் நெருக்கடி — அப்படியே இருக்கிறது. சீனாவின் வளர்ச்சி வேகம் குறைகிறது — குறைந்துகொண்டேதான் இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை என்ன செய்யும் என்று உலகம் காத்திருக்கிறது — இன்னும் காத்திருக்கிறது. பருவநிலைப் பேச்சில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை — ஹும்!

“பாய் சாப், ஆகே படோ!” என்று பின்னாலிருந்து ஒருவர் முதுகில் இடித்தார். முன்னே நகரச் சொல்கிறாராம். உலகமே நகரவில்லை, நான் எங்கே நகர்வது?

சிவப்புப் பேனாவின் மூடியை செல்வின் இன்னும் திறக்கவே இல்லை. “சோடோ யார், விட்டுத்தள்ளும்வே! ஒரு தப்பும் இல்லவே. நீரு எழுதினது அறிக்கையே இல்ல, பஞ்சாங்கம்!”

நிம்மதியாக மூச்சு விட்டேன். ரஜௌரி கார்டனில் அந்த மூச்சு நின்றது.

‘ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தெட்டு நாடுகள்...’

பிரிட்டன் வெளியேறிவிட்டதே! இப்போது இருபத்தேழு. ஒரே ஒரு எண். ஆனால் அது போதும், நான் எந்த வருடத்து ஃபைலைத் திறந்தேன் என்று காட்டிக்கொடுக்க.

“ஒரு நாடு கூடுனா என்னவே? பம்பு வாங்குறவன் எண்ணியா பாப்பான்?”

மேடம் எண்ணுவார். வியாழன் அதிகாலை 5.15-க்கு எழுந்து அத்தியாயத்தை முழுக்கப் புதிதாக எழுதினேன். வரிப்போர், செயற்கை நுண்ணறிவு, எல்லாம் சேர்த்தேன். 9.35-க்கு மேடத்தின் அறைக்குள் நுழைந்தேன். கோயமுத்தூர்க்காரர். மரியாதையாகத்தான் பேசுவார். அதுதான் பயம்.

“சின்னத் திருத்தம் மேடம். நேற்றுக் கொடுத்ததற்குப் பதிலாக இதை...”

நிதானமாகப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“ஏனுங்க, இது என்னமோ பழசாட்டத் தெரியுதுங்களே. நேத்து குடுத்தீங்கல்ல, அதுதான் லேட்டஸ்டா இருந்துச்சு.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கால் வரவில்லை. “அதில் ஓர் எண் மட்டும் தப்பு மேடம். இருபத்தெட்டு நாடு இல்லை. இருபத்தேழு.”

“இருபத்தெட்டு எப்பங்க இருந்துச்சு?”

மாட்டிக்கொண்டேன். அட்டைப்படத்தில் தொடங்கி மெட்ரோ வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தை ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று என் மனம் ஸ்பெல்லிங் போட்டுப் பார்த்தது.

“அந்த வருசத்துது யாரு எழுதுனதுன்னு தெரியுமுங்களா?”

“தெரியாது மேடம்.”

“நானுங்க! அப்ப நான் உங்க சீட்ல இருந்தேன்.” அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெட்கம். “நானும் எழுதலீங்க. எட்டொம்பது வருசம் முந்துன ஃபைல் ஒண்ணு கெடச்சுது. சீனா வேகமா வளருதுன்னு இருந்துச்சு, வேகம் கொறையுதுன்னு போட்டேன். ஐரோப்பாவுல இருபத்தஞ்சு நாடு இருந்துச்சு, இருபத்தெட்டாக்குனேன். அவ்வளவுதானுங்க வேல.”

நேற்றைய பிரதியை இழுத்து இருபத்தெட்டை அடித்தார். இருபத்தேழு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

“நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க... ‘நுணுக்கமானவர், நேர்மையானவர்’னே உங்க ரிப்போர்ட்ல எழுதிடறேன். போங்க, அச்சுக்குக் குடுங்க.”

ஃபைல் ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: ‘அடுத்த ஆண்டும் இதையே பின்பற்றவும்.’

அந்தக் குறிப்பைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. உலகம் திருந்தாது என்று நாங்களே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி வைத்த மாதிரி! எங்காவது ஒரு போர் நிற்கட்டும். யாராவது யாரோடாவது சமாதானமாகப் போகட்டும். அந்த இரண்டு பக்கமும் ஒரு வருடமாவது அடியோடு தப்பாகிப் போகட்டும். உட்கார்ந்து முதல் வரியிலிருந்து புதிதாக எழுத நான் தயார். அதற்காக என் பதவி உயர்வே போனாலும் கவலை இல்லை...

சரி, பதவி உயர்வு ஆர்டர் கைக்கு வந்த பிறகு அந்தப் போர் நின்றால் இன்னும் நல்லது.