ஆமை உண்டு, கிணறு இல்லை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் எழுதியதைப் படிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அதிகாரி உட்கார்ந்திருந்த மேடையில் ஒருவர் அப்படிச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து வருடம் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுக் கம்பெனியில் பீல்டு அசிஸ்டென்டாக இருந்தேன். பெரிய கட்டடம் கட்டுவதற்கு முன்னால், அதனால் காற்றும் தண்ணீரும் மரமும் என்ன ஆகும் என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற கம்பெனி அது. மெஷின் தூக்குவது, அளப்பது, எழுதுவது என் வேலை. பேசுவது மேனேஜர் வேலை. அது எனக்குச் சௌகரியம்தான். நான்கு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குப் பேச வராது.

1. தூசி மெஷின்

மதுரை நகருக்கு நடுவில் ஒரு திட்டம் வந்தது. ரயில் நிற்கிற இடத்திலேயே பஸ், கடை, ஆபீஸ், அடுக்குமாடி வீடு எல்லாம் இருக்கும். ஜனங்கள் காரை விட்டுவிட்டு நடந்தே வந்து வண்டி ஏறுவார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால், அதற்கு அடியில் மூன்று அடுக்குக்குக் கார் நிறுத்துகிற இடம். யாருடைய கார் என்று நான் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து மேனேஜர் வந்தார். ஒரு செங்கல்கூட வைக்காத தெருவில் ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார். தூசி அளக்கிற மெஷினை ஒரு லாட்ஜின் ஐந்தாவது மாடிக்கு ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

"சார், ரோடு கீழ இருக்கு" என்றேன்.

"தூசி மேலயும் வரும் மாயாண்டி. இங்கதான் ரீடிங் டீசன்ட்டா இருக்கும்."

டீசன்ட்டாகத்தான் இருந்தது. அந்த ரீடிங்கை நம்பினால், பஸ் புகைக்கு நடுவில் நிற்கிறவர்கள் கொடைக்கானலில் நிற்பதாக அர்த்தம்.

2. கிணறு

அடுத்த வேலை, சுற்றுவட்டாரத்தில் இருக்கிற கிணறுகளை எண்ணுவது. மேனேஜர் காரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் சாட்டிலைட் படத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே" என்றார். மேலேயிருந்து பார்த்தால் தகரக் கூரை மட்டும்தான் தெரியும்.

நான் நடந்து போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்சந்தில் பாண்டியம்மாள் என்பவர் இட்லிக்கடை வைத்திருந்தார். என் தோளில் தொங்கிய கருவிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, காத்தெல்லாம் அளந்துட்டீகளா? எம்புட்டுக் கிலோ இருந்துச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிணறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன், தூக்கிட்டுப் போகவா? வாங்க, காட்டுறேன்."

தகரக் கூரைக்குக் கீழே இரும்புக் கம்பி மூடி. அதன் அடியில் வட்டக் கிணறு. சுவரில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு கயிறு. ஒரு வீட்டுக் கயிற்றை இன்னொரு வீடு தொடாது. கயிறு இற்றுப்போய் வாளி உள்ளே விழுந்தால், அந்த வீட்டுக்காரர்தான் இறங்கி எடுக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, வராத நாளில் இதுதான் குடிதண்ணீர்.

கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தேன். பீல்டு ஷீட்டில் எழுதினேன். "என்ன எழுதுனீக, படிங்க" என்றார் பாண்டியம்மாள். படித்துக் காட்டினேன். சொந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

பூமிக்கடியில் மூன்று அடுக்கு தோண்டினால், ஊறுகிற தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டீவாட்டரிங் என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், பக்கத்துக் கிணற்றைக் காயப்போடுவது. அதனால்தான் அந்த ஒரு வரி முக்கியம். ஷீட்டைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் இரண்டும் விழுந்தது.

3. கூட்டம்

சில மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மேனேஜர், கையில் பாட்டில் தண்ணீர். நான் மூலையில் புரொஜெக்டர் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிப்போர்ட்டின் தமிழ்ச் சுருக்கத்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். பாண்டியம்மாள் எழுந்தார்.

"பதினோராம் பக்கம் பாருங்கம்மா. 'கடலாமைகள் முட்டையிடும் காலத்தில் பணி நிறுத்தப்படும்.' மருதையில எங்கம்மா இருக்கு கடலாமை? வைகையில தண்ணியவே காணோம்!"

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "பஸ்ஸு ஏறி வந்துரும்க்கா!" என்றார். துறைமுகம் ஒன்றுக்குப் போட்ட பழைய ரிப்போர்ட்டில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஆமையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. "இல்லாத ஆமைக்குப் பாதுகாப்புக் குடுக்குறீக. இருக்கிற கெணத்துக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கீக. அந்தா மூலையில நிக்கிறாரே மாயாண்டி அண்ணே, அவருதான் வந்து அளந்தாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் அதிகாரியின் பக்கம் குனிந்தார். ஆனால் மைக் ஆனில் இருந்தது. "அவர் அஞ்சாம் கிளாஸ் மேடம். கோழி கிளறுன மாதிரி எழுதுவார். படிக்கவே முடியல, அதான் இல்லைன்னு போட்டோம்."

"அந்த ஷீட் எங்கே?"

"மழையில நனைஞ்சு போச்சு மேடம்."

படிக்க முடியாத காகிதம் எதற்காக நனைய வேண்டும்? பெரிய படிப்பு படித்தவருக்கு ஒரு பொய்யோடு நிறுத்தத் தெரியவில்லை.

நான் போனை எடுத்துக்கொண்டு மேடை வரை நடந்தேன். அந்தத் தூரம் எழுமலைக்கு நடப்பதுபோல இருந்தது. "மாயாண்டி, வேலை வேணுமா வேணாமா?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். அதுவும் மைக்கில் கேட்டது. போட்டோவைத் திறந்து அதிகாரியின் முன்னால் வைத்தேன்.

அவர் சத்தமாகவே படித்தார்: "கிணறு ஒன்று. மூடி போட்டது. இருபத்திரண்டு அடியில் தண்ணீர். பன்னிரண்டு வீடு குடிக்கிறது." பிறகு மேனேஜரைப் பார்த்தார். "பிழை ரெண்டு இருக்கு. உங்க ரிப்போர்ட்ல இருக்கிற அளவுக்கு இல்ல."

கிணற்றையும் சேர்த்துத் தண்ணீர் ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவரை தோண்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மண்டபத்துப் படியிலேயே மேனேஜர் என்னிடம், "நாளையிலேருந்து வர வேணாம்" என்றார். ஒயரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது காளவாசலில் ஒரு பம்புசெட் கடையில் இருக்கிறேன். மறு ஆய்வுக்கு வந்தவர்கள் காகிதமே கொண்டு வரவில்லையாம். எல்லாம் போனில் விரலால் தட்டுவதுதான். கிணறு என்ற இடத்தில் முதலில் வருவதே 'இல்லை'. 'உண்டு' என்று தட்டும் வரை பாண்டியம்மாள் அவர்களைச் சந்துக்கு வெளியே விடவில்லை. திட்டம் இன்னும் கைவிடப்படவில்லை. தோண்டவும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பார்த்ததை, பார்த்த இடத்திலேயே எழுதுங்கள். ஒரு படம் உங்களிடம் இருக்கட்டும். அடியில் தேதி போடுங்கள்.

நான் மட்டும் கூச்சத்தில் இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை சந்துக்குப் போய்க் கல்லைக் கட்டி இறக்கினேன். ஆணியில் பன்னிரண்டு கயிறும் இருந்தன. தண்ணீர் இருபத்து மூன்று அடியில்.

ஆனி ஏழு, ஞாயிற்றுக்கிழமை.