ஒலிபெருக்கியின் முகம்

எங்கள் குடும்பத்தில் ஆடி மாதம் என்பது அண்ணனை ஊரைவிட்டு அனுப்பும் மாதம். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவின் அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும், பெரியப்பா தம் மகனை விழுப்புரத்து உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவார். தீமிதி முடிந்தபின் அழைத்து வருவார். எங்கள் வாசலை ஒட்டிய மின்கம்பத்தில் விழாக்குழுவினர் கட்டும் குழாய் ஒலிபெருக்கியே காரணம். மற்றவர்களுக்கு ஓசையாக இருந்தது அண்ணனுக்கு வலியாக இருந்தது. மருத்துவர் அவனது இயல்புக்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லியிருந்தார். தெரு, தன் வசதிக்கேற்ப, வேறு சில பெயர்களை வைத்திருந்தது.

எனக்கு ஏழு வயதும் அண்ணனுக்கு இருபதும் நடந்த ஆண்டில் அவன் போக மறுத்தான். சினம் இல்லை, அழுகை இல்லை. கட்டிவைத்த பையைப் பிரித்துத் துணிகளை மீண்டும் அலமாரியில் அடுக்கினான். கோயில் கூழைத் தான் ஒருமுறைகூடக் குடித்ததில்லை என்றும், இம்முறை குடிக்கப்போவதாகவும், ஒலிபெருக்கியைப்பற்றி விழாக்குழுவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் அறிவித்தான்.

பெரியப்பா எங்கள் நகரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலர், வீட்டிலும் வாயிற்காவலர்தாம். மகன் சபையில் திணறினால் ஊர் சிரிக்குமே என்று அஞ்சினார். “நான் கேக்கறேன்டா, நீ கம்முனு நில்லு” என்று சொல்லித்தான் அழைத்துச் சென்றார். சுண்டல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நானும் உடன் சென்றேன்.

குழுத் தலைவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றுவந்த பெரியவர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால், சொல்தா என்றே தெரு அவரை அழைத்தது. கோயிலின் தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைத் தேநீரோடு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் அண்ணனை அன்போடு பார்த்தார்; கேள்வியை மட்டும் பெரியப்பாவிடம் கேட்டார்.

“பையனுக்கு என்னா வேணுமாம்?”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அண்ணன், கண்களை மின்விசிறியில் நிறுத்தியபடி, “அப்பா, நீங்க பேசாதீங்க. என்னைத்தான் கேக்கணும். நான்தான் வந்திருக்கேன்” என்றான்.

குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், தம்பியின் காதில் பஞ்சு வைத்தால் போயிற்று, அம்மனை எதற்குத் தொந்தரவு செய்யவேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார், மகனைக் காப்பதற்கு அவர் அறிந்திருந்த வழி அது ஒன்றுதான். சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தான். பிறகு, சொற்களுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டு, தன் கோரிக்கையைச் சொன்னான். பாட்டை நிறுத்த வேண்டாம். கம்பத்தை மாற்றவும் வேண்டாம். எங்கள் சன்னலைப் பார்த்திருக்கும் குழாயின் முகத்தைக் கோயில் திடலின் பக்கம் திருப்பிக் கட்டினால் போதும்.

“ஒரு ஆளுக்காவத் திருப்பிக் கட்டுனா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்களே” என்றார் அந்த இளைஞர்.

“ஒரு ஆளு இல்ல. எங்க வீட்ல ரெண்டு பேரு” என்றான் அண்ணன்.

சொல்தா வழக்கம்போல் பெரியப்பாவை நோக்கித் திரும்பினார். பெரியப்பாவின் உதடுகள் அசைந்தன. பின்னர், தம் வாழ்வில் அரிதாகச் செய்த ஒரு செயலை அவர் செய்தார்: ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவருக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. நாற்காலியை நகர்த்தி அண்ணனுக்கு நேராக அமர்ந்தார்.

“செரி தம்பி. எந்தப் பக்கம் திருப்புனா உனக்குத் தாங்கும்? வந்து காட்டு.”

அன்று மாலையே ரேடியோ செட்டுக்காரர் ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறினார். அண்ணன் கீழே நின்று கையால் திசை காட்டினான். சற்றே திருப்புவதும் அவன் தலையசைத்து மறுப்பதுமாக நேரம் கழிந்தது. “இப்ப போதுமா சார், இல்ல கடலு பக்கமே திருப்பிடட்டுமா?” என்று அவர் மேலிருந்து கேட்டார். எங்கள் தெருவில் அண்ணனை ஒருவர் சார் என்று அழைத்தது அதுவே முதன்முறை. அதிலிருந்த கேலியை அவன் பொருட்படுத்தவில்லை, போதும் என்றான்.

விழா தொடங்கியது. அண்ணன் விழுப்புரம் போகவில்லை. வரிசையில் நின்று கூழ் வாங்கி, அதிலிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டுக் குடித்தான். பெரியப்பா தொலைவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் சொன்ன இரண்டாமவர் பெரியம்மாதான் என்று நான் ஐயமின்றி முடிவு செய்திருந்தேன். அவருக்கு அடிக்கடி தலைவலி வரும். ஒவ்வோர் ஆடியிலும் பாட்டுத் தொடங்கியதும் கட்டிலுக்கடியில் புகுந்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு, அழைத்தாலும் வெளியே வராமல் கிடந்தவள் நான். அதைப் பிடிவாதம் என்று வீட்டில், விழுப்புரத்திலிருந்து திரும்பும் அண்ணனிடமும், சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவ்வாண்டு நான் கட்டிலுக்கடியில் போகவேயில்லை. பெண்ணுக்கு வயது ஏற ஏறப் புத்தி வருகிறது என்று அம்மா மகிழ்ந்தார். பாராட்டு எனக்கே உரியது என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.