ரங்கூன் டிம்மர்

கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. இங்கே யாரும் விளக்கை அணைப்பதில்லை. அதாவது அணைக்கிறார்கள், ஆனால் தாங்கள்தான் அணைத்தோம் என்று ஒப்புக்கொள்வதில்லை. எண்ணெய் விளக்கென்றால் பூவால் திரியைத் தொட்டு மலையேற்றிவிடுவார்கள். பல்பு என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டு, தற்செயலாக அந்தப் பக்கம் போனவர்போலத் திரும்பி வருவார்கள். நான் பிறந்து வளர்ந்த ரங்கூனில் இந்தச் சிரமம் இல்லை. நான் வேலை பார்த்த எலக்ட்ரிக் கடையில் சாயந்திரம் முதலாளி மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பார். கடை இருண்டுவிடும். நாங்கள் வீட்டுக்குப் போவோம். அதில் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததாக நினைவில்லை.

பிள்ளைகளே, எட்டாவதோடு படிப்பு நின்றுபோன அப்பா எழுதுவதால் பிழைகள் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களோடு கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரங்கூனை விட்டு நம்மவர்கள் எல்லோரும் கிளம்பிய சமயத்தில், முதலாளி எனக்கு ஒரு டிம்மரைக் கொடுத்தார். கறுப்பு பேக்லைட் பிளாஸ்டிக்கில் சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல இருக்கும். குமிழைத் திருப்பினால் விளக்கின் வெளிச்சம் கூடும், குறையும். துறைமுகத்தில் சோதனை செய்த அதிகாரி உங்கள் அம்மாவின் தோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இதைக் கையில் எடுத்து என்னவென்று கேட்டார். வெளிச்சத்தைக் குறைப்பது என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் பர்மியில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். டிம்மர் என் பெட்டிக்கே திரும்பி வந்தது. இருட்டை ஊருக்குக் கொண்டுபோகிறவனைத் தடுக்க அவர்களுக்குச் சட்டம் இல்லைபோலும்.

இங்கே நாலு வீட்டில் பர்மா அகதி என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவதாகக் கேட்ட ராஜம்மாதான் பின்கட்டைக் கொடுத்தார். அவர் புருஷன் ரயில்வேயில் கேங்மேன். வாரத்தில் பாதி நாள் லைனில்தான் இருப்பார். வீட்டில் ராஜம்மாவும் கல்யாண வயதில் மகள் வசந்தாவும். எங்கள் அறையில் டிம்மரைப் பார்த்த ராஜம்மாவுக்கு அதன்மேல் ஆசை வந்தது. பொழுது சாய்ந்து ஏற்றின விளக்கை அணைக்கவும் வேண்டாம், கண் கூசவும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. சந்தோஷமாகக் கழற்றி அவர் கூடத்தில் மாட்டிக் கொடுத்தேன். இந்தத் தெருவில் எங்களிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அது.

ஒரு வருடம் ஆகியிருக்கும். ஆரணியிலிருந்து வசந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் ஆறு பேர். வசந்தா காபித் தட்டோடு வந்து நின்றாள். ராஜம்மா வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகக் குமிழைத் திருப்பினார். விளக்கு போய்விட்டது. நான் ஓடிப்போய் அரிக்கேன் எடுத்து வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "தகவல் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துகொண்டார்.

"நல்லதாப் போச்சு, காபி சிந்துனது யாருக்கும் தெரியல" என்றாள் வசந்தா. ராஜம்மா சிரிக்கவில்லை.

நாலு நாள் ஆகியும் தகவல் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் ராஜம்மா உங்கள் அம்மாவிடம் வந்து நின்றார். பெரியவனே, நீ அப்போது ஏழு மாதமாக வயிற்றில் இருந்தாய்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. உங்க சாமான் என் பொண்ணு நேரத்துல வெளக்க நிறுத்திடுச்சி. இந்தச் சம்பந்தம் தட்டிப் போச்சின்னா உங்கள பாக்கறப்ப எல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும். வேற ஊடு பாத்துக்குங்க."

ஏழு மாத வயிற்றோடு ஆறாவது கதவைத் தட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி பழுது பார்ப்பது. பல்பைக் கழற்றி எங்கள் அறையில் போட்டேன், எரிந்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி முழுதாக இருந்தது. கட்டையைத் திரும்பச் செருகாமலே டிம்மரை இறக்கி, அதற்கு வந்த இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி, ஃபியூஸைத் திரும்பச் செருகினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆக, குற்றவாளி டிம்மர்தான். திறந்தால் உள்ளே கம்பிச் சுருள் கருகி, ஒரு இடத்தில் அறுந்திருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கும்போது அந்தச் சுருள்தான் சூடாகும். நடுவில் ஆறவிட வேண்டும்.

"அக்கா, காலையில இதை எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?"

"இன்னாத்துக்கு நிறுத்தணும்? பொண்ணு இருக்கற ஊடு. கொறைச்சி வெச்சிடுவேன்."

"பகல்லயுமா?"

"பகல்ல அது கண்ணுக்கே தெரியாது நைனா. அது பாட்டுக்குக் கீது."

ஒரு வருடமாக அந்தச் சுருள் ஒரு நிமிடம்கூட ஆறவில்லை. விளக்கு அணையக்கூடாது என்று அவர் செய்ததுதான் விளக்கை அணைத்திருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் பழி எங்களை விட்டுப் போயிருக்கும். ஆனால் சம்பந்தம் தவறினால் அவர் ஆயுசுக்கும் தன் கையையே நொந்துகொள்வார். தவிர, நிறுத்தச் சொல்லாதது என் தப்பு. அணைக்காமலே இருப்பார்கள் என்று ரங்கூன்காரனுக்குத் தோன்றவில்லை.

"கப்பல்ல உப்புக்காத்து பட்டிருக்கும்க்கா. பழைய சாமான்" என்றேன்.

"நெனச்சேன்" என்றார்.

அதே போல இன்னொரு டிம்மர் இங்கே கிடைக்காது. ஃபேன் ரெகுலேட்டருக்குள்ளும் அதே கம்பிச் சுருள்தான் என்பதால் கவரைப்பேட்டைக் கடைக்குப் போனேன். ஃபேன் என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்டார். ஃபேன் இல்லை, விளக்குக்கு என்றேன்.

"வெளக்கு சுத்துதாண்ணா?"

"சுத்தாது. வெளிச்சத்தைக் குறைக்கணும்."

"ஆறு மணி ஆனா ஊர்ல பம்பு செட்டு பூரா ஓடுது. கரண்டு ஆபீஸ்காரனே கொறைச்சிதான் உடறான். நீ இன்னாத்துக்கு அதையும் கொறைச்சிக்கினு பேஜாரு பண்ற? எந்த ஊருண்ணா?"

"ரங்கூன்."

"அதான பாத்தேன்" என்று எடுத்துக் கொடுத்தார்.

பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்ட மெட்ராஸ் ரெகுலேட்டர். பலகையில் பழைய திருகு ஓட்டைகள் பொருந்தவில்லை, புதிதாகத் துளைத்தேன். நூறு வாட் பல்பு போட்டேன். ஒன்றில் வைத்தால் முன்னைப்போல அவ்வளவு மங்காது, ஆனால் கண் கூசாது. வேறொரு வித்தியாசமும் இருந்தது. ரங்கூன் டிம்மரில் வலப்பக்கம் திருப்பினால் குறைந்துகொண்டே போய் அணையும். இதில் வலப்பக்கம் போனால் கூடும். ராஜம்மா இரண்டே நாளில் பழகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆரணிக்காரர்கள் தகவல் சொல்லாமல் நேராகவே வந்துவிட்டார்கள், இந்தத் தடவை மாப்பிள்ளையின் தாய்மாமனோடு. நான் ரெகுலேட்டருக்குக் கீழேயே உட்கார்ந்தேன். விளக்கு அசையாமல் நின்றது. தாய்மாமன் வெளியூர் போயிருந்ததால்தான் தாமதம் என்றார்கள். ராஜம்மா மனசு தாங்காமல், அன்றைக்கு விளக்கு போனதைப் பற்றித் தானே எடுத்தார்.

"வெளக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "கரண்டு போச்சின்னு இல்ல நெனச்சேன். எங்க ஊர்லயும் அந்த நேரத்துக்குத்தான் புடுங்குவான்."

அன்றே தட்டு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்வதுபற்றி ராஜம்மா அப்புறம் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. காலையில் இதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ராஜம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓய்வு குடுக்கலாம். ஆனா நானும் வசந்தாவும் கை வைக்க மாட்டோம். நீயே தெனம் வந்து நிறுத்திடு நைனா. நீங்க பர்மாக்காரங்க, உங்களுக்கு தோஷம் இல்ல."

அன்று முதல் தினமும் காலையில் நான்தான் கூடத்துக்குப் போகிறேன். வசந்தா ஆரணிக்குப் போய்ப் பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். என் பதிலுக்குப் பெரியவனை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். "நீ வாணாண்டா கண்ணு, நீ இந்த ஊர்ல பொறந்த புள்ள. உங்கப்பாவ வரச் சொல்லு" என்றாராம் ராஜம்மா. ஏன் என்று கேட்டான்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். குமிழைப் பிடித்ததும் கை ரங்கூன் பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பியது. பத்து வருடமாக முதலில் அப்படித்தான் திருப்புகிறது. அணைக்கப் போன விளக்கு கூடம் முழுக்கப் பிரகாசமாக எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, இடப்பக்கம் திருப்பினேன்.