டிக்கிக்குள் ஓர் இடது கை

பாஸ்கலுக்குப் பாட வராது. பூசையில் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று மாதா கோயில் பாட்டுக்குழுவே அவனிடம் கேட்டுக்கொண்டது. ஆனால் திண்டுக்கல் டாக்சி ஸ்டாண்டில் காருக்குள் ரேடியோ வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கேட்பதற்குக் குரல் எதற்கு என்பது அவன் கட்சி.

அந்த ரேடியோவை வெறுத்த ஒரே சவாரி, தவில்காரர் கருப்பணன். 1963-இல் திருச்சி வானொலியில் வாசித்துவிட்டு வந்தவர், ஒலிபரப்பை பாஸ்கலின் அம்பாசடரில் உட்கார்ந்து கேட்டார். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் வலது கை விரல்கள் கடகடவென்று ஓடின. இடது கை குச்சியால் அடித்த இடந்தலையின் கனத்த நாதம் வரவே இல்லை.

மறுபடி வாசிக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "வலது கைய மட்டும் பஸ்ஸுல ஏத்தி விடுறேன். நான் போகல" என்றார் கருப்பணன்.

"தப்பு ரேடியோ மேல இல்லண்ணே, ஸ்பீக்கரு சின்னது. வெள்ளிக்கெழம காலைல அதே கச்சேரிய திரும்பப் போடுறாக. கேட்டுட்டுப் பதில் எழுதுங்க."

"ஏலே, நீயா எனக்குத் தவில் காட்டப் போற?"

டூரிங் டாக்கீஸ் கழித்துப்போட்ட ஒரு பெரிய ஸ்பீக்கரை பாஸ்கல் வாங்கினான். அதன் கிழிசலைப் பசைக் காகிதத்தால் ஒட்டி, பலாப்பலகையில் பெட்டி அடித்து டிக்கியில் பூட்டினான். முதல் சோதனையில் நாகஸ்வரத்தைவிட நம்பர் பிளேட் சத்தமாக வாசித்தது. பிளேட்டுக்கு ரப்பர் வைத்தான். பெட்டி அப்போதும் குடத்துக்குள் தும்முவதுபோல் முழங்கியது. இலவம்பஞ்சைத் திணித்தான், அடங்கியது.

"என் தலகாணி எங்க?" என்றாள் மனைவி ஜெயமேரி.

"டிக்கில வாசிக்குது."

"அப்ப ராத்திரிக்கு அங்கயே போய்ப் படுங்க."

சத்தத்தின் அளவுக்கு அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். முன்சீட்டில் இருப்பவர் பின்னால் திரும்பிப் பார்த்தால் கனம் கூடிப்போயிற்று என்று அர்த்தம். மூன்று நாள் சவாரிகள் எல்லோரும் திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்தான். நான்காம் நாள் யாரும் திரும்பவில்லை. செய்த வேலையை யாருமே கவனிக்காததற்காக ஒரு மனிதன் சந்தோஷப்பட்டதை ஸ்டாண்ட் அன்றுதான் பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை கருப்பணனைப் பழனிக் கல்யாணத்துக்கு ஏற்றிப் போகும் வழியில், திண்டுக்கல் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினான். கச்சேரி தொடங்கியது. இடந்தலை வந்தது, எங்கிருந்து என்று தெரியாமல், தவிலிலிருந்தே வருவதுபோல. கருப்பணன் திரும்பவில்லை. அவருடைய இடது கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தவில் தனி வாசிப்பின் பாதியில் அந்தக் கை சட்டென்று நின்றது.

"என்னண்ணே, கேக்கலையா?"

"கேக்குதுலே. அம்புட்டும் கேக்குது. இந்த எடத்துல கை அர அட்சரம் பிந்திருச்சு."

பாஸ்கல் வாயை மட்டும் அசைத்தான்; அதில்தான் அவனுக்குப் பயிற்சி உண்டே.

"போன தடவ யாருக்கும் தெரியல. இப்பத் தெரியுது. இத இப்பிடியே விடக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே கருப்பணன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழனில தபாலாபீசு எத்தன மணிக்குத் தொறப்பான்?"