பாலத்து முனையில் விநாடி சொன்னவர்

மாம்பழச்சாலைப் பக்கம் காவிரிப் பாலம் முடிகிற இடத்தில், விடியற்காலையில் அவர் நின்றிருப்பார். குரங்குக் குல்லா, வெள்ளை வேட்டி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச். நான் பாலத்தை ஓடிக் கடந்ததும் பொத்தானை அழுத்தி, கேட்காமலேயே என் நேரத்தைச் சொல்வார். அடுத்த வருஷம் இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று பயிற்சி செய்துகொண்டிருந்த எனக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

ஒருநாள் என் நேரத்தைச் சொன்ன பிறகும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினார்.

"இது யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"உங்க பின்னாடி ஓடி வர்றவருக்கு. போன மாசம் நாப்பது செகண்ட் பின்னாடி வந்தார். இன்னிக்கு ஒம்பதுதான்."

திரும்பிப் பார்த்தேன். பாலம் காலியாக இருந்தது.

"யாரையும் காணோமே, சார்."

"பாக்காதீங்க. வேகத்த மட்டும் கொறச்சுடாதீங்க," என்றார்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. என் வேகம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. வருஷம் பிறப்பதற்குள்ளேயே இலக்கைத் தொட்டுவிடுவாய் என்று நண்பர்கள் மெச்சுகிறார்கள். எதனால் இப்படி ஓடுகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. அந்த ஒன்பது இப்போது எத்தனை ஆகியிருக்கிறது என்று எனக்குச் சொல்லவும் யாருமில்லை.